ஒரே வாயில், இரண்டு முகவரிகள்

1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காடு மாவட்டத்தினின்று விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. திண்டிவனத்து வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன, முகவரிதான் மாறிற்று. பழைய மாவட்டப் பெயரிட்ட கடிதமும் அவ்வீட்டுக்கே உரியதல்லவா?

சர்வரின் நிலையும் இதுவே. நெட்வொர்க் அட்டை ஒன்றாயினும் அதற்கு ஐ.பி. முகவரிகள் பல இருக்கலாம். "இம்முகவரி யாருடையது?" என்று உள்வலையில் வினா எழும்போதெல்லாம் சர்வர் அந்த அட்டையின் ஒரே வன்பொருள் எண்ணையே விடையாகத் தரும்.

என்னைக் கேட்டால், இதன் பெரும்பயன் முகவரி மாற்றும் காலத்தில்தான். புதியதைச் சேர்த்த அன்றே பழையதை நீக்கினால், பழையதையே குறித்து வைத்திருக்கும் விழுப்புரத்துக் கிளைக் கணினி கதவைத் தட்டி ஏமாந்து திரும்பும். பழையதை நாடி எவரும் வரவில்லையென்று பதிவேட்டில் கண்ட பின்னரே நீக்குதல் நன்று. கட்டளையால் மட்டும் சேர்த்த முகவரி, சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கினால் மறைந்துவிடும். அமைப்புக் கோப்பிலும் அதை எழுதிவைக்க வேண்டும்.