சமஸ்கிருதம்: பெயருக்குள் ஒரு படிநிலை

சமஸ்கிருதத்தின் அரசியலை அதன் பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘சம்ஸ்க்ருத’ என்றால் செப்பம் செய்யப்பட்டது என்று பொருள். வைதிகச் சடங்குகளைக் குறிக்கும் ‘சம்ஸ்காரம்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இதற்கு எதிரே நிறுத்தப்பட்டது ‘பிராகிருதம்’, அதாவது இயல்பானது, மக்களின் பேச்சு. ஒன்றைச் செம்மையானது என்றதுமே மற்றது தாழ்ந்துபோனது.

இதைத் தேவமொழி என்பார்கள். ஆனால் இது ஈரானிய, கிரேக்க, லத்தீன் மொழிகளின் உறவு. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் ஒன்று. காந்தாரப் பகுதியைச் சேர்ந்த பாணினி, சுமார் 4,000 சூத்திரங்களில் இலக்கணம் வகுத்தபோது இதைச் ‘சமஸ்கிருதம்’ என்று அழைக்கவில்லை; ‘பாஷா’, பேச்சு என்றே குறித்தார்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் மக்களிடம் பேசப் பிராகிருதத்தையே பாறைகளில் பொறித்தார். சமஸ்கிருதத்தின் முதல் நெடிய அரசக் கல்வெட்டு, கி.பி. 150ஐ ஒட்டிய ருத்ரதாமனின் ஜுனாகத் கல்வெட்டு. நாடகங்களிலோ அரசனும் பார்ப்பனனும் சமஸ்கிருதம் பேச, பெரும்பாலும் பெண்களும் ஏவலர்களும் பிராகிருதம் பேசினார்கள். படிநிலை மேடையேறியது.

மாணவர் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். அவருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். பின்னாளில் முயன்று கற்றார். வேதங்களையும் சாத்திரங்களையும் விசாரணைக்கு நிறுத்தி, 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலை வெளியிட்டார். 1949இல் சமஸ்கிருதத்தை ஆட்சிமொழியாக்க அவர் ஆதரவு தந்ததை இன்று எடுத்துக்காட்டுவோர், அவர் முகத்தில் அறையப்பட்ட கதவைப் பற்றிப் பேசுவதில்லை.

அம்மொழியை வணங்கவும் வேண்டாம், அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். நம்மைத் தாழ்த்திய விதிகள் அதில்தான் எழுதப்பட்டன. எழுதியவர்கள் மனிதர்கள். அவற்றைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமை நமக்குண்டு.