மேற்கோளும் மேதைமையும்



ஓர் அறிஞரின் ஆராய்ச்சிப் பெருமையை எவ்வாறு அளப்பது? அவர் எழுதிய கட்டுரைகளை எண்ணிவிட்டாற் போதும் என்று தோன்றும். ஆயின், நூறு கட்டுரை எழுதியும் அவற்றை ஒருவரும் ஏறெடுத்துப் பாராமற் போகலாம். ஒரே கட்டுரை ஒரு துறையையே மாற்றிவிடவும் கூடும். ஆகவே, பிற ஆராய்ச்சியாளர் தம் கட்டுரைகளில் அதனை எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று எண்ணும் வழக்கம் தோன்றிற்று. யூஜீன் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் 1955இல் இதற்கான திட்டத்தை வெளியிட்டார். 1964இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணை முறையாக வெளிவரத் தொடங்கியது.

2005இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் 'எச் எண்' என்ற அளவையை வகுத்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 40, 22, 9, 4, 2 மேற்கோள்களைப் பெற்றன என்று கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோள் பெற்றவை நான்கு இருப்பதால் அவருடைய எச் எண் 4. இன்னொருவர் இரண்டே கட்டுரை எழுதி, ஒன்று 500 மேற்கோளும் மற்றது ஒன்றும் பெற்றால், அவருடைய எச் எண் 1 தான். இதிலிருந்தே இவ்வளவையின் பயனும் குறையும் விளங்கும்.

சித்தையன்கோட்டையில் வாழும் எனக்கு வயல்வெளி உவமையே முன்வந்து நிற்கிறது. நெல்லை முன்பு மரக்காலால் அளந்தோம், தேங்காயை எண்ணுகிறோம். மரக்காலைக் கொண்டு தென்னந்தோப்பின் விளைவை அளப்பார் உண்டோ? உயிரியல், மருத்துவம் ஆகிய துறைகளில் ஆராய்ச்சியாளர் பெருந்தொகையினர். கட்டுரைதோறும் மேற்கோள்களும் மிகுதி. கணிதத்திலோ இரண்டும் குறைவு. ஆகவே, கணித அறிஞர் ஒருவரின் எண்ணையும் மருத்துவ அறிஞர் ஒருவரின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் முறையன்று. 1951இல் லௌரி என்பாரும் அவர்தம் குழுவினரும் புரதத்தின் அளவைக் காணும் முறை ஒன்றை எழுதினர். அக்கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றுள்ளது. ஆய்வுக்கூடந்தோறும் அம்முறை பயன்பட்டமையே அதற்குக் காரணம்.

இனி நம் நாட்டு அறிஞர் ஒருவரைக் காண்போம். ஜி. என். இராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்திற் பிறந்தவர், சர் சி. வி. இராமனின் மாணவர், 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைக்குத் தலைமை தாங்கினார். தோல் பதனிடும் தொழிலுக்குத் திண்டுக்கல் பேர்போனது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தோலின் முதன்மையான புரதம் கொல்லாஜன். அது மூன்று இழைகள் முறுக்கிய வடிவினது என்பதை இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் எடுத்துரைத்தனர். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்போருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் வளையக்கூடும் என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். 1971இல் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உடலின் உட்தோற்றத்தைக் கணித்தறியும் வழியை எழுதினார்.

தோலும், புரதமும், மருத்துவப் படமும் வெவ்வேறு துறைகள். இவற்றின் மேற்கோள்களையெல்லாம் கூட்டி ஒரே எண்ணாக்கினால் அவருடைய பெருமை அதில் அடங்குமோ? மேலும் ஒரு விந்தை உண்டு. இன்று புதிய புரத அமைப்பு ஒன்றைக் கண்டறிவோர், அது சரிதானா என்று 'இராமச்சந்திரன் வரைபடத்தை' வைத்தே சோதிக்கின்றனர். பெயர் பொதுச்சொல்லாகி விட்டமையால், பலர் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. புகழ் முற்றும்போது மேற்கோள் கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறது!

ஆண்டு பலவாக விடைத்தாள்களுக்கு மதிப்பெண் இட்டவன் என்ற முறையில், எண்களே வேண்டா என்று நான் கூறேன். எண் ஒரு துப்பு, தீர்ப்பு அன்று. பதவிக்கும் உயர்வுக்கும் எண்ணையே அளவாக்கினால், தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டுவோரும், ஒருவர்க்கொருவர் முறைவைத்துக் காட்டிக்கொள்வோரும் பெருகுவர். உண்மை நாடும் உழைப்போ பின்தள்ளப்படும். இதனை உணர்ந்தே, இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளரை மதிப்பிடலாகாது என்று 2013இல் சான்பிரான்சிஸ்கோ அறிக்கை வற்புறுத்தியது.

மாணவர்களே! நாளை நீங்களும் ஆராய்ச்சியிற் புகலாம். ஒருவரை மதிக்குமுன் அவர் எழுதியவற்றுள் ஒன்றையேனும் படியுங்கள். நீங்கள் எழுதும்போது, யாரிடமிருந்து கற்றீர்களோ அவர் பெயரை மறவாது குறிப்பிடுங்கள். மேற்கோள் என்பது அடிப்படையில் ஒரு நன்றிக்கடனே ஆகும்.