கியர்த் தடியும் நெம்புகோல் விதியும்

கல்லூரியிற் கற்ற நெம்புகோல் விதி மோட்டார் வண்டியின் கியர்த் தடியிலும் ஆட்சி செய்கின்றது. தாங்குமிடத்தின் மேலே 12 அங்குலமும் கீழே 2 அங்குலமும் உள்ள தடியில், கை 6 அங்குலம் நகரக் கீழ்முனை 1 அங்குலமே நகரும். கீழ்ப்பகுதியை 3 அங்குலமாக்கினால் கைவீச்சு 4 அங்குலமாகும். இதுவே குறுவீச்சுத் தடி. ஆயின், தூரத்தில் மிஞ்சியது விசையிற் செலவாகும். கைக்கு ஒன்றரை மடங்கு பலம் வேண்டும்.

கியர்ப் பெட்டியிலுள்ள ஒத்தியக்க வளையங்கள் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தச் சிறிது நேரம் கொள்வன. தடி குறுகினும் அந்நேரம் குறையாது. அவசரப்படுத்தின் வளையங்கள் தேயும். 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் முதற் கியருக்கோ அவ்வளையமே இல்லை.

பொருத்தியபின், எஞ்சினை இயக்காது, பின்செல் கியர் உட்பட யாவும் முற்றாக விழுகின்றனவா, தடி எங்கேனும் முட்டுகின்றதா எனப் பார்த்தல் அவசியம். அரைகுறையாக விழுந்த கியர் ஓட்டத்திற் கழன்றுவிடும்.

கொள்ளுப்பிட்டிச் சந்தியின் மாலை நெரிசலில் ஊர்வோர்க்கு நாம் கூறுவது இது: தடி தளர்ந்தாடுவதற்குப் பலவேளை தேய்ந்த புஷ்ஷே காரணம். பஞ்சிகாவத்தையில் முதலில் அதனை வாங்குக. புதுத்தடியைப் பின்னர் எண்ணுக.