பெரியாற்று நீரும் தைப் பொங்கலும்

சங்கீத வித்வான் இராமானுஜ ஐயங்காரின் ஊரென்று நாடெங்கும் அறியப்பட்ட அரியக்குடி, செட்டிநாட்டின் ஏனைய கிராமங்களைப் போலவே வேளாண்மைக்கு வானத்தையும் கண்மாயையும் நம்பியிருப்பது. ஐப்பசி கார்த்திகை மழை வரத்துக்கால் வழியே கண்மாயில் இறங்கும். கண்மாய் நிறைந்தால் கலுங்கின் வழியே வழிந்து அடுத்த கண்மாயை நாடும். இத்தகைய சீமையில் மடையைத் திறப்பவனும் அடைப்பவனுமே பயிருக்குக் காவலன். நீர்ப்பாய்ச்சி என்று வழங்கிய அவ்வேலையாளுக்குப் பண்டைக் காலத்தில் மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும் பொழுது, குடியானவன் தன் வீட்டுக்கு மூட்டை கட்டுமுன் அவனுக்குரிய பங்கை அளந்து விடுவான். கொல்லருக்கும் தச்சருக்கும் அவ்வாறே. விளைவுக்குக் காரணமான கையை விளைவு கண்ட இடத்திலேயே மதிக்கும் வழக்கம் அது.

அவ்வழக்கத்தின் பெரியதோர் உருவத்தை இன்று காண விரும்புவோர், மேற்கே தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கிற்குச் செல்லுதல் வேண்டும். அங்கே பாலார்பட்டி முதலிய ஊர்களில் ஆண்டுதோறும் ஜனவரி 15ஆம் தேதியன்று குடியானவர்கள் பொங்கலிடுகின்றனர். பொங்கற் பண்டிகையோடு ஒட்டி வரும் அந்நாள், முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய இஞ்சினீயர் ஜான் பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டில் பிறந்த நாளாகும். பெண்கள் பானையேற்றிப் பொங்க, மேளதாளத்துடன் அவருடைய படத்தை ஊர்வலமாக எடுத்துச் செல்வர். அப்பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் தெய்வப் படங்களுக்கு அருகே அவர் படமும் தொங்கக் காணலாம். பிள்ளைகளுக்கு அப்பெயரை இட்டவரும் உளர். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013ஆம் ஆண்டில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இங்கிலாந்து தேசத்துக் காம்பர்லி நகரிலும் 2022இல் சிலை எழுந்தது.

மேற்கே பாய்ந்து கடலில் வீணாகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பினால் வறண்ட நாடு செழிக்கும் என்னும் எண்ணம் பென்னிகுயிக் துரைக்கு நெடுங்காலம் முன்னரே தோன்றியதாகும். இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே மலைக்கு ஆட்களை அனுப்பி இடம் பார்க்கச் செய்தார். செலவு மிகுதியென்று அம்முயற்சி கைவிடப்பட்டது. அரியக்குடியும் 1985ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊரே யாதலின், அச்செய்தி இவ்வூரார்க்கும் அன்னியமன்று. 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடிய பஞ்சத்திற்குப் பின்னர் அத்திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டு, மறு ஆண்டில் வேலை தொடங்கி, 1895ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபுவால் அணை திறந்து வைக்கப்பட்டது.

அந்த எட்டு ஆண்டுகளின் உழைப்பு எத்தகையது? கடல் மட்டத்திற்குச் சுமார் 3,000 அடி உயரத்தில், யானையும் புலியும் உலவும் அடர்ந்த காட்டில், 155 அடி உயரமும் ஏறக்குறைய 1,200 அடி நீளமும் உள்ள அணையை எழுப்ப வேண்டியிருந்தது. சிமிட்டி இல்லை. சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியையும் சுண்ணாம்பையும் கலந்து அரைத்த சாந்தே கற்களைப் பிணித்தது. ஆற்றின் போக்கைத் தடுக்க இட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் வாரிக்கொண்டு போயிற்று; கட்டியவர்களே மறுபடியும் கட்டினர். நீரைக் கிழக்குச் சரிவிற்குக் கொணர ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில் மலைப்பாறையைக் குடைந்தனர். சென்னைப் பயனீர் படையின் சிப்பாய்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும், சமவெளியிலிருந்து கூலிக்கு மலையேறிய ஏழை ஜனங்களும் இவ்வேலையில் ஈடுபட்டனர். விஷக்காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டன. அணைக்கு அருகே காட்டினுள் அவர்களை அடக்கம் செய்த இடம் உள்ளது. பொங்கல் ஊர்வலத்தில் ஏந்திச் செல்ல அவர்களுடைய படம் ஒன்றேனும் இல்லை.

பென்னிகுயிக் துரை தம் மனைவியின் நகைகளை விற்று அணையை முடித்தார் என்னும் கதை அப்பக்கத்தில் பரவலாக வழங்குகிறது. அணையோ சென்னை அரசாங்கத்தின் திட்டமாய், அரசாங்கப் பொக்கிஷத்தினின்று எழுந்தது. கதையைக் கொண்டு ஜனங்களைக் குறை கூற வேண்டுவதில்லை. வயிறு நிறைந்தவன் நன்றியில் சற்று மிகைப்படுத்துதல் இயல்பே. எனினும், ஒருவர் நகை விற்றதாகக் கேட்டுக் கண்ணீர் விடுவோர், அக்காட்டில் உயிரையே விட்டவர்களை அதே மூச்சில் நினைப்பது தகும். சிப்பாயும் தச்சனும் கூலியாளும் இன்றி அத்துரை வரைந்த படம் காகிதமாகவே இருந்திருக்கும்.

மலையினின்று இறங்கும் நீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல்லை விளைவிக்கிறது. அப்பால் வைகையிற் கலந்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, பேரணையினின்று பிரியும் பெரியாற்றுப் பிரதான கால்வாயின் வழியே மதுரை, மேலூர்ப் பக்கங்களுக்குப் பாய்ந்து, சிவகங்கை மாவட்டத்தின் ஒரு பகுதிக்கும் எட்டுகிறது. செட்டிநாட்டுக் கண்மாய்களோ மழையையே எதிர்நோக்க வேண்டியவை.

ஆதலின் இங்கே அணைக்குச் சமமான வேலை, இருக்கும் கண்மாயைக் கெடாமற் காப்பதேயாகும். ஊரார் ஆள்கூடிக் கரையை உயர்த்தி, வரத்துக்காலை வெட்டி, மடையைப் பழுது பார்க்கும் குடிமராமத்து முறை முற்காலத்தில் தானே நடந்து வந்தது. அது தளர்ந்த பொழுது, அவசரக் காலங்களில் ஆட்களை வேலைக்கு அழைக்க 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றும் பிறந்தது. மனமுவந்து செய்ததைச் சட்டத்தால் திரும்பப் பெறுதல் எளிதன்று. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்னும் அப்பழம் பெயரிலேயே ஏரி கண்மாய்களைச் சீர் செய்யத் தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழும் தமிழ்நாட்டில் பல கண்மாய்களில் மண் வெட்டப்பட்டது. வெயிலில் கூடை சுமந்தவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். பணி முடிந்த கண்மாய்க் கரையில் நடப்படும் பலகையில் தொகையும் திட்டத்தின் பெயரும் இருக்கும். மண் சுமந்தவர் பெயருக்கு அதில் இடம் இராது.

இதற்குப் பரிகாரம் செய்ய விரும்பும் ஊர்களுக்குச் செலவு அதிகமில்லை. கண்மாய் முதன்முறை நிறைந்து மடை திறக்கும் நாளில் ஊரார் மடையருகே பொங்கலிடுவதாயின், அவ்வாண்டு கரையில் வேலை செய்தவர்களை முன்வரிசையில் அழைத்து, பெயர் கூறி, புதுத் துணியோ நெல்லோ வழங்கலாம். மடைக் கல்லிலேயே பெயர்களை வெட்டுவிப்பது இன்னும் நன்று, பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.

அடுத்த வேலைக்கான காலமும் அறிந்திருத்தல் வேண்டும். உள்வாய் வறண்டிருக்கும் சித்திரை முதல் ஆடி வரையிலான மாதங்களே வண்டல் அள்ள ஏற்றவை. அவ்வண்டல் செட்டிநாட்டுச் செம்மண் வயலுக்கு நல்ல உரம்; ஈரத்தையும் நெடுநாள் பிடித்து வைக்கும். தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுத்து அனுமதி பெற்ற பின்னரே எடுத்தல் வேண்டும். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். ஆகையால் உள்வாயின் நடுப்பகுதியில், ஒரே குழியாக இராமல் பரவலாக வெட்டுதல் முறை. புரட்டாசி பிறக்குமுன் வரத்துக்காலிலுள்ள சீமைக் கருவேலை வேரோடு களைந்து, மடைப்பலகை இறுக அமர்கிறதா என்று நீர்ப்பாய்ச்சியைக் கொண்டு பார்த்துக்கொள்ளவும்.