வேலையிடத்து மனக்குறை எப்படி முளைக்கிறது?

தொழிலாளியின் குறை என்றாலே சம்பளக் குறைதான் என்று நினைக்கிறோம். பல குறைகள் அதைவிடச் சிறிய இடத்தில்தான் முளைக்கின்றன. இரண்டு மணி நேர ஓவர்டைம் கணக்கில் விட்டுப் போயிருக்கும். ஒருவருக்குக் கிடைத்த லீவு மற்றவருக்கு மறுக்கப்பட்டிருக்கும். பின்னால் சேர்ந்தவரின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் முன்னால் வந்திருக்கும். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருக்கும், கணக்கில் வரவாகியிருக்காது. தொடக்கத்தில் இவையெல்லாம் வெறும் கேள்விகள். பதில் வராதபோதுதான் கேள்வி மனக்குறையாகிறது.

ஊர்விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இன்னும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று மொழி. சூப்பர்வைசரிடம் இந்தியில் மரியாதையாக எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிடுகிறோம். மற்றது கூச்சம். சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட மாமாவுக்கோ ஊர்க்காரருக்கோ கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற தயக்கம். இப்படி அடக்கிய குறை ஒருநாள் வாய்ச்சண்டையாக வெடிக்கிறது. அப்போது மெமோ வாங்குபவர் குறையுள்ளவர்தான். அவருடைய நியாயம் மறைந்து, அவர் பேசிய பேச்சே விசாரணைக்கு வருகிறது.

குறையை நாளாக விடக்கூடாது என்பதை 1958-இலேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு உணர்ந்திருந்தது. அது ஏற்ற மாதிரி முறைப்படி, நேர் மேலதிகாரி 48 மணி நேரத்திலும், துறைத் தலைவர் 3 நாளிலும் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு குறைதீர் குழுவுக்கு 7 நாள்.

அது சட்டமல்ல, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழில் நிறுவனத்தில் குறைதீர் குழு அமைக்கச் சொல்கிறது. நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் சம எண்ணிக்கை. மொத்தம் 10 பேருக்கு மேல் கூடாது. குறை எழுந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் 60 நாளுக்குள், தாம் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் மூலம் சமரச அதிகாரியிடம் போகலாம். பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குழு உண்டு. அதற்கு 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும்.

மனு எழுதும்போது தேதி, நேரம், தொகை ஆகியவற்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள். யாரையும் பழிக்கும் சொல் வேண்டாம். ஒரு நகலில், பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். சம்பளச் சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தயக்கமாக இருந்தால், அலுவலகப் பழக்கமுள்ள பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். கோபம் வருவதற்கு முன்பே அவர்களிடம் வாருங்கள்.