குழந்தையின் மூளைக்கட்டிக்கு எல்லை போடுவது

தாமிரபரணியில் வெள்ளம் வடியும்போது எங்க ஆழ்வார்திருநகரி வயக்காட்டைப் பார்த்தால், எது ஆறு, எது நீர் ஊறின மண் என்று கோடு போடுவது கஷ்டம். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைக்கட்டிக்கு எல்லை வரைவதும் அப்படித்தான். கட்டியைச் சுற்றி நீர்வீக்கம் இருக்கும்.

கதிர்வீச்சு எங்கே பாயணும் என்பதற்கு இந்தக் கோடுதான் ஆதாரம். கோடு அகன்றால் வளரும் மூளையில் நல்ல திசு கெடும். சுருங்கினால் கட்டி மிஞ்சும்.

இந்த வேலைக்கு அதிகம் புழங்குவது 2015-ல் வந்த 'யூ-நெட்' வகை மாடல்கள். படத்தைச் சுருக்கி 'என்ன இருக்கு' என்று கற்கும். திரும்ப விரித்து 'எங்கே இருக்கு' என்று புள்ளி புள்ளியாகச் சொல்லும். பாடம், மருத்துவர்கள் சரிபார்த்துக் கொடுத்த எல்லைகள். இதற்கான 'பிராட்ஸ்' போட்டி 2012-ல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி. குழுவும் அதில் கலந்திருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு 2023-ல்தான் வந்தது.

தனியா எதுக்கு? பெரியவர்களின் கிளியோபிளாஸ்டோமா, ஊசிவழி சாய மருந்து ஏற்றினால் பெரும்பாலும் ஓரத்தில் பளிச்சென்று தெரியும். குழந்தைகளின் மூளைத்தண்டில் பரவும் கட்டி பல சமயம் அப்படி ஒளிர்வதில்லை. ஒளிரும் ஓரத்தைத் தேடிப் பழகின மாடல் அங்கே தடுமாறும்.

மாடலின் கோடும் மருத்துவரின் கோடும் எவ்வளவு பொருந்துது என்பதை 'டைஸ்' மதிப்பெண் சொல்லும். முழுப் பொருத்தம் 1. ஆனால் 0.9 வந்தாலும், விட்டுப்போனது எந்த ஓரம் என்று அந்த எண் சொல்லாது. அதைப் பார்க்க மருத்துவர் ஒவ்வொரு படமாகப் புரட்டித்தான் ஆகணும்.