எலுமிச்சை மரமும் என் பென்சிலும்

பிலாஸ்பூரில் உங்களோடு பல ஆண்டுகள் பொங்கல் விழா கொண்டாடியவன் நான். 2019-இல் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்று, பிறந்த ஊரான காரக்கோணத்திற்கே வந்துவிட்டேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பக்கத்தில் உள்ள எல்லையோரக் கிராமம் இது. 1956-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீட்டுக்குள் தமிழும் வேலிக்கு அப்பால் மலையாளமுமாக வாழ்க்கை நடக்கிறது.

ஊருக்கு வந்ததும் என் மனைவி முதலில் நட்டது ஓர் எலுமிச்சைக் கன்று. 2021-இல் அவள் காலமானாள். அதன் பிறகு தோட்டத்தில் நான் கவனித்துத் தண்ணீர் ஊற்றியது அந்த ஒரு மரத்துக்குத்தான்.

2023 கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். அப்போது எலுமிச்சையின் தளிர்களையெல்லாம் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அவள் நட்ட மரமாயிற்றே என்ற ஆத்திரத்தில் கடைக்குப் போய்ப் பூச்சிமருந்து வாங்கி வந்து வாளியில் கலக்கினேன். அந்த நேரத்தில் பேத்தி கூப்பிட்டாள்.

“தாத்தா, இது காக்கா எச்சமா, புழுவா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பழுப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் பறவை எச்சமேதான். தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவைக்கொம்பு ஒன்றை நீட்டியது. ஒரு நாற்றமும் வந்தது. பறவைகளை ஏமாற்ற எச்சம் போல் வேடம், எறும்பு நெருங்கினால் விரட்டக் கொம்பு. பாலமும் கல்வெர்ட்டுமாக முப்பத்தைந்து வருடம் டிராயிங் போட்ட எனக்கு, இந்த டிசைனைக் கண்டதும் கை துறுதுறுத்தது. வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய டிராயிங் பெட்டியைத் தேடி எடுத்தேன்.

முதல் படம் நன்றாக வரவில்லை. பிளான், எலிவேஷன் என்று அளவெடுத்துப் போட்டிருந்தேன். பேத்தி பார்த்துவிட்டு, “தாத்தா, இது கூட்ஸ் வண்டி மாதிரி இருக்கு” என்றாள். அவள் சொன்னது சரிதான். புழுவை மட்டும் வெள்ளைத் தாளில் தனியே நிறுத்தியிருந்தேன். அது தின்னும் இலையைக் காணோம்.

இதே விஷயத்தை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய ஒரு பெண்மணி உண்டு. மரியா சிபில்லா மெரியான், 1647-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் பிறந்தவர். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தாமாக உண்டாகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. அவர் பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர். 1699-இல், ஐம்பத்திரண்டு வயதில், இளைய மகளோடு கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரினாம் போனார். 1705-இல் அவர் வெளியிட்ட நூலின் அறுபது படங்களில், பூச்சியின் பல பருவங்களையும் அவை வாழும் செடிகளோடு சேர்த்தே வரைந்திருந்தார்.

படம் வரைவது என்ஜினீயருக்கு எதற்கு என்று யாரும் கேட்டால், எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியின் பெயரைச் சொல்வேன். அது டாக்டர் சோமர்வெல் பெயரைத் தாங்கியது. நெய்யூர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்த அவர், 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இருந்தவர். மலைகளை அழகாக ஓவியம் தீட்டியவர்.

பூச்சிமருந்தை நான் தெளிக்கவில்லை. நானும் பேத்தியும் நான்கு புழுக்களைத் தினமும் பார்த்து வரைந்தோம். அவை வளர்ந்து இலைப் பச்சை நிறமாயின. கூட்டுப்புழுவாகும் முன், லைன்மேன் மின்கம்பத்தில் இடுப்புக்கு பெல்ட் கட்டுவது போல, தன்னைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றன. பதினோராம் நாள் காலையில் கறுப்பும் மஞ்சளுமாக முதல் வண்ணத்துப்பூச்சி வந்தது. பக்கத்து வீட்டம்மா வேலியருகே வந்து, “பூம்பாற்ற வந்நல்லோ சாரே!” என்று மகிழ்ந்தார். ஒரு கூட்டிலிருந்து மட்டும் பொடிப்பொடியான குளவிகள் வந்தன. அவை உள்ளிருந்தே கூட்டுப்புழுவைத் தின்றிருந்தன. பேத்தி அழுதாள். “இதையும் வரையணுமா தாத்தா?” என்று கேட்டாள். “வரையணும்மா, இதுவும் நடந்ததுதானே” என்றேன். வரைந்தாள். மரம் அடுத்த மழைக்கு மறுபடி தளிர்த்துவிட்டது.

பிறகு ஒரு நாள் தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை அது. பூமுகத்தின் மர விதானத்தில் தொண்ணூறு பூ வடிவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். பேத்தி அண்ணாந்து எண்ணிக்கொண்டே நின்றாள். அந்தத் தச்சர்களும் நம்மைப் போல் ஏதோ ஒரு முற்றத்துச் செடியைக் குனிந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் மாமரத்து முசுறு எறும்புகளை வரைந்துகொண்டிருக்கிறேன். இலைகளை வரிசையாக நின்று இழுத்துப் பிடித்து, தம் குஞ்சுப் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டு நூலால் இலையோடு இலையைத் தைக்கின்றன. எங்கள் கேங்மேன்கள் தண்டவாளம் நகர்த்தியது நினைவுக்கு வருகிறது.

தோட்டத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைக்கிறோம் அல்லவா? இதே வண்ணத்துப்பூச்சி அதிலும் முட்டையிடும். அடுத்த முறை இலையில் ‘எச்சம்’ தெரிந்தால் துடைத்துவிடாதீர்கள். குழந்தைகளின் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். படத்தின் கீழே பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

என் பேத்தி தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஊருக்குக் கிளம்பும் முன் தன் படத்தின் கீழே, என்னிடம் கேட்டுக் கேட்டு, கோணல்மாணலாக ‘ஆச்சியின் எலுமிச்சை’ என்று எழுதினாள். அது எங்கள் வீட்டுக் கூடத்தில், அவள் ஆச்சியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.